கைப்பிரதியா, பேச்சா, சும்மா இருப்பதா? ஆபீசில் இயேசுவைப் பற்றிச் சொல்ல எது சரிப்படும்

என் தங்கை மகன் ஜூன் மாதம் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி. பாளையங்கோட்டையில் கோயிலுக்கு அடுத்த தெருவில் பிறந்து (எங்கள் பக்கம் சர்ச் என்பதையும் கோயில் என்றுதான் சொல்வோம்), ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், கேரல் ரவுண்ட்ஸ் என்றே வளர்ந்த பையன். டீமில் தன்னைத் தவிர ஒரு கிறிஸ்தவன்கூட இல்லை என்பது முதல் வாரத்திலேயே அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. ராத்திரி போன் பண்ணி, "மாமா, இவங்கட்ட எப்படிச் சொல்றது? கைப்பிரதி குடுக்கட்டா, பேசட்டா, இல்ல ஒண்ணும் சொல்லாம ஒழுங்கா வேலைய மட்டும் பாக்கட்டா?" என்று கேட்டான். (கைப்பிரதி என்று நாங்கள் சொல்வது இயேசுவைப் பற்றி அச்சடித்த துண்டுக் காகிதம்.)

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவன் சொன்ன மூன்றையும், சொல்லாத இன்னும் நாலைந்தையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றை இப்போது நினைத்தாலும் வெட்கம் வரும் அளவுக்கு. அதனால் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எடைக்கல் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் காதில் விழுந்தது, எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது என் கணக்கில் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர், "எனக்கு இதுல விருப்பம் இல்லப்பா" என்று சொன்னால், மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் பழையபடி ஒரே கடையில் நின்று டீ குடிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல வழி. என்னைப் பார்த்ததும் அவர் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்குகிறார் என்றால், நான் சொன்னது சத்தியமாகவே இருந்தாலும் சொன்ன விதம் தப்பு.

கைப்பிரதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. பதினெட்டு வயதில் வாலிபர் கூட்டத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்று கொடுத்தோம். ஜன்னல் வழியாக நீட்டினால் பாதிப் பேர் வாங்குவார்கள், பஸ் கிளம்பியதும் அதில் பாதி கீழே கிடக்கும், கடைசியில் நாங்களே பொறுக்குவோம். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் முழுதாகச் சிரிக்க மாட்டேன். கைப்பிரதிக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது: வேண்டாம் என்றால் போட்டுவிடலாம், வேண்டும் என்றால் யாருக்கும் தெரியாமல் ராத்திரி எடுத்துப் படிக்கலாம். வெட்கப்படுகிறவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அது திரும்பிப் பேசாது. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படிக்கிறார், கையில் ஏடு இருக்கிறது, புரியவில்லை. பிலிப்பு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் காரியம் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நாங்கள் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. தினமும் பார்க்கிற முகத்துக்குக் கைப்பிரதி கொடுப்பது இன்னும் மோசம். பக்கத்து சீட்டில் இருக்கிறவனுக்கு அச்சடித்த காகிதத்தை நீட்டினால், "உன்னோடு பேச எனக்கு நேரமில்லை, இதைப் படித்துக்கொள்" என்று சொன்னது போலத்தான்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் அச்சுக்குப் பெரிய இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார், 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. நம் ஊர் பிரசங்கங்களில் இதைத்தான் சொல்வார்கள். அதே ஆள் செய்த இன்னொரு வேலையை யாரும் சொல்வதில்லை. 1712லிருந்து 1714 வரை அவரும் கூட இருந்தவர்களும் தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள்: நீங்கள் கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. பதிலாக வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சானது. அவற்றில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கடுமையாகக் குறை சொன்ன பதில்களும் உண்டு. கிடைத்த அடியையும் சேர்த்து அச்சடித்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். நாம் கொடுத்த கைப்பிரதிகளை எண்ணி ரிப்போர்ட் எழுதுகிறோம், எத்தனை கேள்வி கேட்டோம் என்று ஒரு ரிப்போர்ட்டிலும் இருக்காது.

தெருமுனையில் மைக் கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸ் பையனுக்கு அது தேவைப்படாது, தவிர மைக்கிடம் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, காதைத்தான் பொத்திக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் என்பது இப்போதைய மைக். காலை ஐந்தரைக்குச் சூரிய உதயப் படத்தில் வாக்குத்தத்த வசனம் போட்டுக் குடும்ப குரூப்பிலும், பள்ளி நண்பர்கள் குரூப்பிலும், அபார்ட்மெண்ட் தண்ணீர் லாரி குரூப்பிலும் தள்ளிவிடுகிறவர்கள் எனக்கு உறவிலேயே இருக்கிறார்கள். பெயர் சொன்னால் கிறிஸ்மஸுக்குச் சோறு கிடைக்காது. ஸ்டேட்டஸில் வைப்பது வேறு, அது வாசலில் போட்ட கோலம் மாதிரி, பார்க்கிறவர் பார்க்கலாம். குரூப்பில் போடுவது அடுத்தவன் வாசலில் போய்க் கோலம் போடுவது. அதிலும் அற்புத சுகம் வீடியோக்களை அனுப்பாதே என்று பையனிடம் தனியாகச் சொன்னேன். அது உண்மையா என்று அவன் நண்பன் கேட்டால் இவனுக்கே பதில் தெரியாது.

அடுத்தது, கோயிலுக்குக் கூப்பிடுவது. யோவான் முதல் அதிகாரத்தில் பிலிப்பு நாத்தான்வேலிடம் சொல்வதும் "வந்து பார்" என்பதுதான், விவாதத்தைத் தவிர்த்துவிட்டு. நம் ஊரில் இதற்கு ஏற்கனவே வாசல் திறந்திருக்கிறது. செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகிற இந்துக்களை யாரும் கைப்பிரதி கொடுத்து அழைக்கவில்லை. நெல்லைப் பக்கம் அசனம் (கோயிலில் போடும் பொது விருந்து) என்றால் சாதி மதம் பார்க்காமல் பந்தியில் உட்காருவார்கள், இலையில் சோறும் குழம்பும் விழுந்த பிறகு யார் யார் என்ற கேள்வியே எழாது. ஆனால் ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிடுவது அவ்வளவு லேசான காரியமில்லை. நான் ஒருமுறை கூட வேலை பார்த்த நண்பரை அழைத்துப் போனேன். ஊர் பெயர், சபைப் பெயர் வேண்டாம். நல்ல பாட்டு, நல்ல கூட்டம், அப்புறம் பிரசங்கத்தில் அன்றைக்கென்று விக்கிரக ஆராதனையைப் பிடித்துக்கொண்டார் போதகர், நாற்பது நிமிடம். கடைசியில் "முதல்முறையாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" வேறு. நண்பர் எழுந்து நின்றார். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, "உங்க ஐயா என்னைப் பாத்தேதான் பேசினாரா?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டேதான். இல்லை என்று சொன்னேன். டீ அதற்குப் பிறகும் குடித்தோம், ஆனால் கடவுளைப் பற்றிய பேச்சு எங்களுக்குள் அதன்பின் வரவே இல்லை. கூப்பிட வேண்டும் என்றால் கிறிஸ்மஸ், அறுப்பின் பண்டிகை, அசனம், கல்யாணம், இப்படி விருந்தாளிக்கென்று ஓர் இடம் இருக்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிடு. என்ன நடக்கும், எப்போது எழுந்து நிற்பார்கள், காணிக்கைப் பை வந்தால் ஒன்றும் போட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

ஜெபம் என்கிற வழியைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதற்கு இருக்கிற இடம் ரொம்ப விசேஷமானது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கலங்கி உட்கார்ந்திருக்கிற இந்து நண்பரிடம் "ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, "பண்ணுப்பா" என்றுதான் சொல்வார், கண் கலங்கும். இதனாலேயே இது ஆபத்தானதும்கூட. கலங்கி இருக்கிறவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று சத்தமாக ஜெபித்து, "விசுவாசித்தால் சுகம்" என்று சொல்லிவிட்டு வருவதை நான் ஊழியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சுகமாகாவிட்டால் பழியையும் சேர்த்து நோயாளி தலையிலேயே வைத்துவிட்டு வருகிறோம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். நான் செய்வது இவ்வளவுதான்: வீட்டில் ஜெபிக்கிறேன், ஜெபித்தேன் என்று ஒரு வரி அனுப்புகிறேன், ஆபரேஷன் அன்று ரத்தம் வேண்டுமா, டிபன் வேண்டுமா என்று கேட்கிறேன். கூடவே இருந்து ஜெபிக்கச் சொல்லி அவரே கேட்டால் அரை நிமிடம், சாதாரணத் தமிழில். சுகமான பிறகு போய் "பார்த்தீர்களா, இயேசு செய்தார்" என்று கடன் வசூலிக்கப் போவதில்லை.

இனி, ஒன்றும் சொல்லாமல் நல்லவனாக இருந்துவிடுவது. என் மருமகனுக்கு இதுதான் ஆசை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாருக்கும் அதுதான் ஆசை. இதற்கு ஆதாரமாக ஒரு வாக்கியத்தை எடுத்து நீட்டுவார்கள்: எப்போதும் சுவிசேஷத்தை அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்துங்கள், சொன்னவர் அசிசியின் புனித பிரான்சிஸ் என்று. அவர் எழுத்துகளில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. அந்த மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். சும்மா இருப்பதில் இன்னொரு சிக்கல்: ஆபீசில் நேர்மையான இந்துக்கள், முஸ்லிம்கள், சாமியே இல்லை என்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நீ லஞ்ச் பில்லைச் சரியாகப் பங்கு போடுவதால் மட்டும் யாருக்கும் இயேசு ஞாபகம் வரப்போவதில்லை, நல்ல பையன் என்பார்கள், உன் அம்மாவுக்குப் பெருமை. ஆனால் நடத்தை இல்லாமல் பேச்சு எடுபடாது என்பதும் உண்மை. வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900த்தில் தொடங்கிய சின்ன மருத்துவமனை இன்றைக்கு சிஎம்சி என்று இவ்வளவு பெரிதாக நிற்கிறது, அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்ட லட்சக்கணக்கானவர்கள் தங்கள் மதத்திலேயே இருக்கிறார்கள். அதை வீண் என்று சொல்கிற கிறிஸ்தவரோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆக மிச்சமிருப்பது பேச்சு. கேட்டால் சொல்வது. 1 பேதுரு 3:15இல் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்லி, அதோடு நிறுத்தாமல் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் போட்டிருக்கிறது. அந்த இரண்டு சொல்லை நாம் பெரும்பாலும் மனப்பாடம் பண்ணுவதில்லை. மாற்கு 5இல் பிசாசு பிடித்திருந்து சுகமானவன் கூடவே வருகிறேன் என்கிறான், இயேசு அவனை வீட்டுக்குப் போகச் சொல்கிறார், உனக்கு நடந்ததை உன் ஆட்களிடம் சொல் என்று. தனக்கு நடந்ததைச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: கேட்கிறவர் அதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, உன் அனுபவம் என்று விட்டுவிடலாம். விவாதத்தில் ஜெயித்தால் டீ போய்விடும்.

ஆனால் எந்தத் தமிழில் சொல்வது? இங்கேதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் விழுகிறோம். கோயிலுக்குள் நாம் பேசுகிற தமிழ் வெளியே வேறு அர்த்தம் கொடுக்கிறது, நமக்கு அது தெரிவதே இல்லை. விசுவாசம் என்று நாம் சொன்னால் வெளியே நாய்க்கும் முதலாளிக்கும் நடுவில் இருப்பது. அபிஷேகம் என்றால் பாலும் இளநீரும். சாட்சி சொல்கிறேன் என்றால் கோர்ட்டில் என்ன கேஸ் என்பார்கள். ஜெபம் என்றால் உருத்திராட்ச மாலை உருட்டுகிற ஜபம். "நாம் எல்லாரும் பாவிகள்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம், வெளியே அது "அடப்பாவி"யில் வருகிற பாவி, இல்லையென்றால் "பாவி மகளே" என்று ஒப்பாரியில் வருகிறது. இரத்தத்தால் கழுவப்பட்டேன் என்று நான் ஒருமுறை உணர்ச்சியோடு சொன்னபோது எதிரில் இருந்தவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம் புறஜாதி, மற்ற மதத்தாரை நாம் அப்படித்தான் சொல்கிறோம். நாம் வேதாகமச் சொல்லாக நினைத்துச் சொல்கிறோம், கேட்கிறவர் காதில் "ஜாதி" மட்டும் விழுகிறது, அதுவும் வெளியே தள்ளுகிற மாதிரி. அதனால் மருமகனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: நீ ஏன் இயேசுவை நம்புகிறாய் என்பதை ஓய்வுநாள் பள்ளிச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஐந்து வாக்கியத்தில் எழுதி அனுப்பு. மூன்று நாள் எடுத்துக்கொண்டான். முதலில் அனுப்பியதில் கிருபை நாலு தடவை வந்திருந்தது.

திரும்பி வருகிற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும். "உங்க சர்ச்சுலயும் ஜாதி இருக்காமே, கல்லறைகூடத் தனியாமே?" என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அது வேதத்துக்கு விரோதம் என்பதை இரண்டாவதாகச் சொல்லலாம், முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மழுப்பினால் அப்புறம் எதைச் சொன்னாலும் எடுபடாது.

இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் சேர்ந்து படிப்பதுதான் எனக்குத் தெரிந்ததில் சிறந்த வழி. மாற்கு 16 அதிகாரம்தான், வாரம் ஒன்று படித்தாலும் நாலு மாதத்தில் முடிந்துவிடும். நம் பழைய மொழிபெயர்ப்பு எனக்கு உயிர், ஆனால் புதியவருக்கு 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைத்தான் கொடுப்பேன், வாய்க்கு இலகுவாக இருக்கும். நீ விளக்கம் சொல்லாதே, அவர் கேட்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல். இதற்கு நேரம் பிடிக்கும், ஒரு வருடத்தில் ஒருவரோடு முடித்தாலே பெரிய விஷயம். ரிப்போர்ட் எழுதவும் தோதுப்படாது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டான், பயந்துபோய். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்க மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன, கம்பெனி அங்கே மாற்றினால் அந்த ஊர் சட்டத்தைப் படித்துக்கொள். சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பணம், வேலை, சீட், எதையும் இதோடு முடிச்சுப் போடாதே. நாளைக்கு நீ மேனேஜர் ஆனால் உனக்குக் கீழே இருக்கிறவரிடம் இந்தப் பேச்சை நீயாக எடுக்கவே கூடாது. அப்ரைசல் போடுகிறவனிடம் யாராலும் மனசாரக் "கேட்க மாட்டேன்" என்று சொல்ல முடியாது.

கேட்கிறவர் கொடுக்கப்போகிற விலையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு அது பிறப்பிலேயே கிடைத்துவிட்டதால் விலை தெரியாது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். அவர் வீட்டுக் கல்யாணம், குலதெய்வப் பொங்கல், அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இதையெல்லாம் யோசிக்காமல் "இன்றைக்கே முடிவெடுங்கள்" என்பது நம் சௌகரியத்துக்குச் சொல்வது.

கடைசியில் அவனுக்குச் சொன்னது இதுதான். ஆறு மாதம் கைப்பிரதி வேண்டாம், குரூப் வேண்டாம். சாப்பிடுமுன் எப்போதும் போல் கண்ணை மூடி ஜெபி, மறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். யாராவது கேட்டால் அந்த ஐந்து வாக்கியத்தில் இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்து, மிச்சத்தை அவர் கேட்கட்டும். நீயும் அவர்களைக் கேள். பஸ்ஸில் பார்க்கிற முகம் தெரியாதவருக்கு வேண்டுமானால் கைப்பிரதி கொடுத்துக்கொள்.

ஆயுதபூஜை வந்தது. ஆபீசில் பூஜை முடிந்து பொரி, கடலை, சுண்டல் என்று தட்டில் வைத்து டேபிள் டேபிளாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, படைத்த உணவைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இரண்டு பேரும் தங்கள் பக்கம் இழுப்பார்கள். எங்கள் வீட்டில் படைத்ததைச் சாப்பிடும் வழக்கமில்லை. கையை உதறி, மூஞ்சியைத் திருப்பி, "நாங்க சாப்பிட மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிடாதே, பேச்சை விட அதுதான் ஞாபகம் இருக்கும் என்று முன்னாலேயே எச்சரித்திருந்தேன். இவன் எழுந்து நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுப் பழக்கம் இது, டீ இருந்தா குடுங்க" என்று சொல்லியிருக்கிறான். கொண்டுவந்தவன் இவன் பக்கத்து சீட்டுக்காரன், கும்பகோணத்துப் பையன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டு, சாயங்காலம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கீபோர்டு மேல் வைத்தானாம். "இது கடைலேர்ந்து நேரா வந்தது, சாமி முன்னாடி வைக்கல. சாப்பிடு. ஆமா, ஏன் சாப்பிட மாட்டீங்க?"

அன்று ராத்திரி போனில் மருமகனுக்கு மூச்சே வாங்கியது. இரண்டு வாக்கியம் சொன்னேன் மாமா, நிறுத்திட்டேன் என்றான். அப்புறம்? "அப்புறம் அவன் கிறிஸ்மஸுக்குக் கேக் உண்டான்னு கேட்டான். அவங்க வீட்டுல முட்டை சாப்பிட மாட்டாங்க. அத்தைக்கு முட்டை இல்லாத கேக் பண்ணத் தெரியுமா, கேளுங்க."